பரமண்டல ஜெபம் எங்கே முடிகிறது?

மாவனல்லையைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் ஒரு மரண வீட்டுக்குப் போனால் இதைக் கேட்கலாம். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஒன்றாக நின்று ஜெபம் சொல்வார்கள். ஒரு சாரார் அதைப் பரலோக மந்திரம் என்பார்கள், மறுசாரார் பரமண்டல ஜெபம் என்பார்கள். இயேசு தம் சீடருக்குக் கற்பித்த ஜெபம் அது. தொடக்கத்தில் எல்லாக் குரலும் சேர்ந்தே போகும். தீமையிலிருந்து காக்கும்படி வேண்டும் இடம் வந்ததும் கத்தோலிக்கர் ஆமென் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் நிறுத்துவதில்லை. ஆட்சியும் வல்லமையும் புகழும் என்றைக்கும் கடவுளுக்கே உரியவை என்று போற்றும் இன்னொரு வரியையும் சொல்லித்தான் முடிப்பார்கள்.

சபைகள் பிரிந்த காலத்தில் ஒரு பக்கம் கூட்டியது அல்லது மறுபக்கம் வெட்டியது என்று இரு பக்கத்திலும் நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மார்ட்டின் லூதர் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வேறுபாடு கையெழுத்துப் பிரதிகளில் ஏறிவிட்டது. மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் அந்த வரி உள்ள பிரதிகளும் இருக்கின்றன, இல்லாத பிரதிகளும் இருக்கின்றன. மத்தேயு எழுதியது எது என்பதைப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு மூலபாட ஆய்வு என்று பெயர். பக்தியோ பகைமையோ தலையிடாமல், சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரித்து முடிவுக்கு வரும் துறை அது. அதன் வழிமுறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஜெபமே போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நற்செய்தி எழுதியவர்களின் கைப்பட்ட ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அந்த நூல்கள், அச்சு வரும்வரை சுமார் 1,400 ஆண்டுகள் கையாலேயே படியெடுக்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பிரதிகளாக இன்று பதிவாகியிருப்பவை ஏறத்தாழ 5,800. சில முழு நூல்கள், சில வெறும் துண்டுகள். மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் யோவான் நற்செய்தியின் பப்பைரஸ் துண்டு ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கிவிடும். 1920இல் எகிப்தில் வாங்கப்பட்ட அதை 1934இல் சி. எச். ராபர்ட்ஸ் அடையாளம் கண்டார். 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பலரின் கணிப்பு. ஓரளவு முழுமையாகக் கிடைக்கும் பெரிய நூல்கள் 4ஆம் நூற்றாண்டில் தொடங்குகின்றன. வத்திக்கான் நூலகத்தில் உள்ள வத்திக்கானுஸ் ஒன்று. சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் 1844இலும் 1859இலும் திஷெண்டோர்ஃப் கண்டெடுத்த சினாய்ட்டிக்குஸ் இன்னொன்று. அதன் பெரும்பகுதியை 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுணுக்குப் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது.

பழைய பிரதிகள் இத்தனை எகிப்திலும் சீனாயிலும் கிடைப்பதற்குக் காரணம் வறட்சி. மணலுக்குள் பப்பைரஸ் ஆயிரக்கணக்கான ஆண்டு கிடக்கும். மழை விடாத நம் பக்கத்தில் ஓலை அப்படிக் கிடக்காது. ஈரமும் பூஞ்சணமும் பூச்சியும் அதைச் சில நூற்றாண்டுக்குள் தின்று தீர்த்துவிடும். அதனால்தான் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பழைய நூலின் பிரதி என்பது பெரும்பாலும் பலமுறை படியெடுக்கப்பட்ட பிந்திய ஏடாக இருக்கிறது.

படியெடுப்பவர் எங்கே தவறுகிறார்? சில தவறுகள் கண்ணால் வருபவை. பழைய கிரேக்கப் பிரதிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. எல்லாம் பெரிய எழுத்தில் தொடர்ந்து ஓடும். ஒரே சொற்கள் அடுத்தடுத்து இருமுறை வந்தால், முதல் இடத்தில் எழுதி நிமிர்ந்த கண் திரும்பும்போது இரண்டாவது இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் உள்ளது தொலைந்துபோகும். மிகச் சிறந்த பிரதி என்று மதிக்கப்படும் வத்திக்கானுஸுக்கே இது நேர்ந்திருக்கிறது. யோவான் 17ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடருக்காக வேண்டுகிறார்: இவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்கவில்லை, தீயவனிடமிருந்து காக்கும்படி கேட்கிறேன் என்பது பொருள். வத்திக்கானுஸை எழுதியவரின் கண் ஓர் இடத்திலிருந்து மற்ற இடத்துக்குத் தாவியதில், தீயவனிடமிருந்து இவர்களை எடுத்துவிடும்படி கேட்கவில்லை என்று வாக்கியம் தலைகீழாகிவிட்டது. நல்ல பிரதி என்பதற்காக அதன் ஒவ்வொரு வரியையும் நம்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு கோடே பொருளை மாற்றிய இடமும் உண்டு. கடவுள் என்ற சொல்லைக் கிரேக்க எழுத்தர்கள் இரண்டே எழுத்தில் சுருக்கி, மேலே ஒரு கோடு இடுவார்கள். அந்த முதலெழுத்து வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு கொண்டது. அந்தக் குறுக்குக் கோடும் மேற்கோடும் இல்லாவிட்டால் அதே இரண்டு எழுத்துக்கும் ‘அவர்’ என்று பொருள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் 3:16இல் கடவுள் மனித உடலில் வெளிப்பட்டார் என்று சொல்லியிருக்கிறதா, அவர் வெளிப்பட்டார் என்று சொல்லியிருக்கிறதா என்பது இந்தச் சின்னஞ்சிறு கோடுகளில் தொங்குகிறது. சினாய்ட்டிக்குஸில் முதலில் எழுதப்பட்டது ‘அவர்’. பின்னொரு கை அதைக் ‘கடவுள்’ ஆக்கியது. தமிழ் ஏடு படித்தவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கும் புள்ளி இடமாட்டார்கள். எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்பதை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். தமிழ் ஏடுகளில் காணும் பாடபேதங்களில், அதாவது பிரதிக்குப் பிரதி வாசகம் மாறும் இடங்களில், கணிசமானவை இப்படிப் பிறந்தவைதான்.

கண்ணால் வரும் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. நினைவால் வரும் தவறு அப்படியல்ல. அது தவறு போலவே தெரியாது. நம் ஜெபத்துக்கு இங்கேதான் வருகிறோம்.

இயேசு கற்பித்த ஜெபம் லூக்கா 11ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அங்கே அது குறுகியது. 3ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு பப்பைரஸிலும் வத்திக்கானுஸிலும், கடவுளின் விருப்பம் விண்ணில் போல மண்ணிலும் நிறைவேறும்படி கேட்கும் பகுதி லூக்காவில் இல்லை. தீமையிலிருந்து விடுவிக்கும்படி கேட்பதும் இல்லை. பிந்திய பிரதிகளைப் புரட்டினால் அந்தப் பகுதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, லூக்காவின் ஜெபமும் மத்தேயுவின் அளவுக்கு நீண்டுவிடுகிறது. இது யாருடைய சதியும் அல்ல. எழுத்தர் பெரும்பாலும் துறவி. அந்த ஜெபத்தைக் குழந்தைப் பருவத்திலிருந்து நாளுக்குப் பலமுறை சொல்லி வந்தவர். கண் லூக்காவைப் பார்க்கிறது, கை மனப்பாடத்தை எழுதுகிறது. அல்லது முன்னவர் எதையோ விட்டுவிட்டார் என்று நினைத்து அன்போடு நிரப்புகிறார். எழுத்தரின் நேர்மையின்மையைவிட அவருடைய பக்திதான் பாடத்தை அதிகம் மாற்றியிருக்கிறது என்பது இந்தத் துறையில் என்னை மிகவும் தொட்ட விஷயம்.

இனி, எந்தப் பிரதி எதிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? இதற்குத் தோட்டத்து மக்கள் நன்றாக அறிந்த ஓர் உதாரணம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஓர் எழுத்து பிசகி விழுந்துவிடும். அதைப் பார்த்து எழுதிய பாடசாலைப் பதிவிலும் அதே பிசகு. அதைப் பார்த்த அடையாள அட்டையிலும், ஊழியர் சேமலாப நிதிப் படிவத்திலும் அதே பிசகு. நான்கு பத்திரம் ஒரே மாதிரி சொல்வதால் அது சரியான பெயர் ஆகிவிடாது. நான்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதற்கே அந்தப் பிசகு சாட்சி. வீட்டில் வழங்கும் பெயரைத் தனியாகக் கேட்டு எழுதிய ஒரே ஒரு பழைய பதிவு வேறு விதமாகச் சொன்னால், அந்த ஒன்று நான்கைவிடக் கனமானது.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான கார்ல் லாக்மன் ஒழுங்குபடுத்திய முறையின் சாரம் இதுதான். சரியான பாடத்தில் பிரதிகள் ஒத்துப்போவது எதையும் காட்டாது. எல்லாருக்கும் அது மூலத்திலிருந்தே வந்திருக்கலாம். தவறில் ஒத்துப்போவதுதான் உறவைக் காட்டும். பொதுவான பிழைகளை வைத்துப் பிரதிகளைக் குடும்பங்களாகப் பிரித்து, குடும்பங்களின் முன்னோரை ஊகித்து, மேலே ஏறலாம். கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய பைசாந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெபத்தின் இறுதி வரி அவற்றில் இருக்கிறது. தலை எண்ணினால் அந்த வரிதான் வெல்லும். ஆனால் சினாய்ட்டிக்குஸ், வத்திக்கானுஸ் இரண்டிலும் அது இல்லை.

பழமை மட்டும் தீர்ப்பாகிவிடாது. அடுத்த கேள்வி முக்கியமானது: எந்தப் பாடம் மூலம் என்று கொண்டால் மற்றது எப்படிப் பிறந்தது என்று விளக்க முடியும்? 18ஆம் நூற்றாண்டில் பெங்கல் என்ற ஜெர்மானியப் போதகர், இரண்டு பாடங்களில் வாசிக்கக் கடினமானதையே முதலில் கவனிக்க வேண்டும் என்றார். எழுத்தர்கள் கரடுமுரடானதை வழவழப்பாக்குவார்கள். வழவழப்பானதைக் கரடாக்க மாட்டார்கள். ஜெபத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மத்தேயு அந்தப் புகழ் வரியை எழுதியிருந்தால், தினமும் வாயால் சொல்லும் அந்த அழகான முடிவை ஏன் பல நாடுகளில் பல எழுத்தர்கள் வெட்டினார்கள்? காரணம் சொல்ல முடியவில்லை. மத்தேயு எழுதவில்லை என்றால் சேர்ந்த விதம் உடனே விளங்குகிறது. யூத மரபில் வேண்டுதலைப் புகழோடு முடிப்பது வழக்கம். ‘தீமை’ என்ற சொல்லோடு ஒரு ஜெபத்தை நிறுத்த சபைக்கு மனம் வரவில்லை. டிடாக்கே என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுங்கு நூலில் வல்லமை, மகிமை என்ற இரண்டு மட்டும் கொண்ட சிறிய வடிவில் அந்த வரி ஏற்கெனவே வந்துவிட்டது. சபையின் வாயில் வளர்ந்த வரி பிறகு மத்தேயுவின் ஏட்டுக்குள் நுழைந்தது.

இன்னொரு வகைச் சாட்சியும் இதையே சொல்கிறது. தெர்த்துல்லியன், ஓரிஜென், சிப்ரியான் மூவரும் 3ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த ஜெபத்துக்கு வரி வரியாக விளக்கம் எழுதியவர்கள். மூவரும் அந்த வரிக்கு விளக்கம் எழுதவில்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிசோஸ்தோம் விளக்குகிறார். உரையாசிரியர் தம் கையில் இருந்த ஏட்டைத்தான் விளக்குவார். ஆகவே உரையைப் பார்த்தால், அழிந்துபோன அந்த ஏட்டில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும்.

உரை எவ்வளவு பெரிய சாட்சி என்பதை நம் சப்ரகமுவவில் வேலை பார்த்த ஒருவர் நிரூபித்திருக்கிறார். ஜார்ஜ் டேர்னர் 1799இல் இலங்கையிலேயே பிறந்த ஆங்கிலேயர். சிவில் சேவை அதிகாரியாக இரத்தினபுரியில் இருந்தபோது பிக்குமாரிடம் பாளி கற்றார். மகாவம்சத்தின் செய்யுள்கள் மிகச் சுருக்கமானவை. உரை இல்லாமல் பல இடங்கள் பிடிபடுவதில்லை, படியெடுத்ததில் நேர்ந்த பிசகா செய்யுளின் இயல்பா என்றும் தெரிவதில்லை. அவருடைய ஆசிரியரான தேரரின் முயற்சியால் தங்காலைக்கு அருகிலுள்ள முல்கிரிகல விகாரையிலிருந்து மகாவம்சத்தின் பழைய உரையின் பிரதி அவர் கைக்கு வந்தது. செய்யுளையும் உரையையும் பக்கம் பக்கமாக வைத்து அவர் உழைத்ததன் விளைவாக, பாளி மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 38 அதிகாரங்கள் 1837இல் வெளிவந்தன. இந்தியப் பாறைகளில் ‘பியதசி’ என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசன் அசோகனே என்பது அதே ஆண்டில் உறுதியானதும் அவர் இலங்கைப் பாளி நூல் ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்த சான்றால்தான். பிறகு வில்ஹெல்ம் கைகர் சிங்கள, பர்மிய, கம்போடிய எழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு 1908இல் மகாவம்சத்தின் செம்பதிப்பைக் கொண்டுவந்தார். கம்போடியப் பிரதி ஏறத்தாழ இரு மடங்கு நீளம். உரையோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் செய்யுள்கள் பிற்காலத்து விரிவு என்று தெளிவாகும். நீண்ட லூக்கா ஜெபத்தின் கதைதான் இதுவும்.

இலத்தீனும் கிரேக்கமும் பிரிந்த இடத்தைச் சுருக்கமாகச் சொன்னால் நம் ஊர் வேறுபாடு விளங்கிவிடும். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் பழைய கிரேக்கப் பிரதிகளைப் பார்த்து இலத்தீன் நற்செய்திகளைத் திருத்தினார். அவற்றில் புகழ் வரி இல்லை, கத்தோலிக்கரின் ஜெபம் அந்த வழியில் வந்தது. 1516இல் எராஸ்முஸ் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு விற்பனைக்கு விட்டபோது அவர் கையில் இருந்தவை ஒரு சில பிந்திய பிரதிகளே. திருவெளிப்பாட்டின் கடைசி ஆறு வசனங்களுக்கு ஏடே கிடைக்காமல் இலத்தீனிலிருந்து கிரேக்கத்துக்குத் தாமே மொழிபெயர்த்துப் போட்டார். அந்தப் பதிப்பின் வழியில் வந்த கிரேக்கப் பாடமே மூன்று நூற்றாண்டு புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் முடித்த அச்சு, கொழும்பில் 1759இல் வெளிவந்த பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பீற்றர் பேர்சிவல் உருவாக்கிய 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு எல்லாம் அந்தக் காலத்தவை. சினாய்ட்டிக்குஸின் பெரும்பகுதி அப்போது உலகத்துக்குத் தெரியாது.

இதே காரணத்தால் தமிழ் வாசகர் இன்னொரு வசனத்திலும் திகைக்கிறார். யோவான் எழுதிய முதல் கடிதம் 5:7இல் பிதா, வார்த்தை, ஆவி என்ற மூவர் விண்ணில் சாட்சி சொல்வதாகப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது இல்லை. எராஸ்முஸின் முதல் இரண்டு பதிப்பிலும் அது இருக்கவில்லை; கிரேக்க ஏடுகளில் காணவில்லை என்று அவர் விட்டுவிட்டார். எதிர்ப்பு எழுந்தது, அந்த வாக்கியத்தோடு ஒரு கிரேக்கப் பிரதி முன்னால் வைக்கப்பட்டது, 1522இல் அவர் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிரதி அவர் காலத்திலேயே எழுதப்பட்டது என்பது இன்று ஆய்வாளர்களின் முடிவு. இலத்தீன் உரைக்குறிப்பிலிருந்து மூலத்துக்குள் புகுந்த வாக்கியம் அது. மூவொரு கடவுள் நம்பிக்கை இந்த வசனத்தை நம்பி நிற்கவில்லை. அதை வகுத்த 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஆசிரியர்கள் இதைக் காட்டி வாதிட்டதே இல்லை. வசனம் காணாமல் போனது என்று கலங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

பழைய ஏற்பாட்டில் நிலைமை வேறு. எபிரேய எழுத்தர்கள் எழுத்தை எண்ணிப் படியெடுத்தவர்கள். அவர்களுடைய முழுமையான பழைய பிரதி 1008ஆம் ஆண்டுக்குரிய லெனின்கிராட் ஏடு. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் அதைவிட ஆயிரம் ஆண்டு முந்திய சுருள்கள் கிடைத்தபோது, ஏசாயா நூல் பெரும்பாலும் ஒத்துப்போனது கண்டு உலகம் வியந்தது. ஆனால் சாமுவேல் நூலில் கோலியாத்தின் உயரம் எபிரேய ஏட்டில் ஆறு முழமும் ஒரு சாணும். கும்ரான் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழமும் ஒரு சாணும். மூன்று மீற்றர் அரக்கன் இரண்டு மீற்றர் மனிதனாகிறான். வீரர்களின் கதை சொல்லச் சொல்ல எதிரி வளர்வானே தவிரக் குறையமாட்டான் என்பதால் நான்கு முழத்தையே நானும் நம்புகிறேன். 145ஆம் சங்கீதம் நம் ஆத்திசூடியைப் போல நெடுங்கணக்கு வரிசையில் அமைந்தது. எபிரேயத்தில் 22 எழுத்து. பாட்டில் 21 வசனம்தான். நூன் என்ற எழுத்தின் வசனத்தைக் காணோம். அது கிரேக்க, சீரிய மொழிபெயர்ப்புகளில் இருந்தது. 11ஆம் குகையின் சங்கீதச் சுருளில் எபிரேயத்திலேயே கிடைத்துவிட்டது.

இன்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 1959இல் கூர்ட் ஆலண்ட் நிறுவிய ஆய்வு நிலையம் கிரேக்கப் பிரதிகளை எல்லாம் படமெடுத்துப் பதிவுசெய்து கணினியில் ஒப்பிடுகிறது. ஓர் எழுத்தர் இரண்டு மூன்று பிரதிகளைப் பார்த்து எழுதியிருந்தால் லாக்மனின் குடும்ப மரம் குழம்பிவிடும். இந்தச் சிக்கலுக்காக கெர்ட் மிங்க் வகுத்த முறையில், பிரதிகளுக்குப் பதிலாக அவற்றில் உள்ள பாடங்கள் எந்தத் திசையில் பாய்ந்தன என்பது ஆயிரக்கணக்கான இடங்களில் கணக்கிடப்படுகிறது. அப்போஸ்தலர் பணிகள் 2017இலும் மாற்கு 2021இலும் இந்த முறையில் வெளிவந்தன. அங்குள்ளவர்கள் தாம் தேடுவதை ஆசிரியரின் மூலம் என்று சொல்வதில்லை. கிடைக்கும் பிரதிகள் அனைத்தும் எந்தப் பாடத்திலிருந்து கிளைத்தனவோ அந்தத் தொடக்கப் பாடம் என்கிறார்கள். ஆசிரியருக்கும் அந்தத் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள சில பத்தாண்டுகள் இருட்டில் இருக்கின்றன. மாற்கு நற்செய்தி சினாய்ட்டிக்குஸிலும் வத்திக்கானுஸிலும் பெண்கள் கல்லறையிலிருந்து அஞ்சி ஓடுவதோடு 16:8இல் நின்றுவிடுகிறது. மாற்கு அங்கேதான் முடித்தாரா, கடைசித் தாள் தொலைந்ததா என்பதை எந்தக் கணினியும் சொல்லாது.

வேதத்தோடு தொடர்பில்லாத தமிழ் நூல்களுக்கும் இந்த வேலை நடந்தது. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏடு தேடிப் பதிப்பித்தார். கலித்தொகை வந்த 1887இலேயே உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் வந்தது. இருவருக்கும் ஓர் ஏடு போதவில்லை. ஒன்றில் செல்லரித்த இடத்தை இன்னொன்று நிரப்பியது, ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. அச்சில் வந்துவிட்ட நூல்தானே என்று இரண்டாவது, மூன்றாவது பிரதியை ஒதுக்குவது நம்மிடம் இன்னும் இருக்கிறது. விகாரைப் பெட்டியிலோ வைத்தியர் வீட்டுப் பரணிலோ கிடக்கும் ஓலைக்கட்டு, ஏற்கெனவே அறிந்த நூலாகவே இருந்தாலும், அதன் பிழைகள் வேறு குடும்பத்துப் பிழைகளாக இருக்கக்கூடும். படமெடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்து, மற்றவற்றோடு வைத்துப் பார்க்காதவரை அது எந்தக் குடும்பம் என்று யாராலும் சொல்ல முடியாது.